இருத்தலும் வடக்கிருத்தலும்



திருவாதவூர் இரு புலவர்களைத் தன் மக்கள் என்று உரிமை கொண்டாடும் ஊர். ஒருவர் மணிவாசகர். மற்றவர், மரபுவழிச் செய்தியின்படி, கபிலர். முன்னவர் பெயரைச் சொன்னதும் உருகும் நெஞ்சம் நினைவுக்கு வரும். பின்னவர் பெயரைச் சொன்னதும், நண்பன் பாரியை இழந்து, அவன் மகளிரை உரிய இடத்தில் சேர்த்துவிட்டு, வடக்கு நோக்கி அமர்ந்து உயிர்விட்ட அந்த முடிவு நினைவுக்கு வரும். (திருக்கோவலூர்க் கல்வெட்டு அவர் தீப்புகுந்ததாகக் கூறுகிறது, புறநானூற்றுக் கொளு வடக்கிருந்ததாகக் கூறுகிறது. அந்த வழக்கை இம்மேடையில் தீர்க்க வேண்டியதில்லை.) உருகும் நெஞ்சைப் பற்றி இம்மண்ணில் பேசியோர் பலர். தளர்ந்த நெஞ்சைப் பற்றிப் பேசியோர் மிகச் சிலரே. இதயம் தளர்ந்து, மாற்று இதயம் வேண்டிப் பெயர் பதிந்துவிட்டு, அது வரும்வரை வாழ்வோரைப் பற்றியது இவ்வுரை.

மருத்துவத்துக்கு உரிய பொருள் இலக்கிய வட்டத்துக்கு எதற்கு என்னும் வினா எழலாம். காத்திருத்தலுக்கு இலக்கணம் வகுத்த மொழி தமிழ் என்பதே அதற்கு விடை. புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் என்று ஐந்து உரிப்பொருள் கண்ட நம் முன்னோர், அவற்றுள் இருத்தலை முல்லைக்கு உரியதாக்கினர். இச்சொல்லின் அருமையை நாம் போதிய அளவு எண்ணிப் பார்த்ததில்லை. இருத்தல் என்றால் காத்திருத்தல். இருத்தல் என்றால் உயிரோடு உளதாதல். காத்திருப்பவள் வாழ்வை நிறுத்தி வைத்துவிட்டுக் காத்திருப்பதில்லை. அக்காத்திருப்பே அவள் அக்காலத்து வாழ்வு. ஆற்றாமல் அழுது புலம்பினால் அது முல்லையாகாது, நெய்தலுக்கு உரிய இரங்கலாகிவிடும் என்று மதுரை நச்சினார்க்கினியர் கருதினார். அக்கருத்தைக் காப்பதற்காக முல்லைப்பாட்டின் அடிகளை அவர் முன்பின்னாக மாட்டிப் பொருள் கொண்டதும், மறைமலையடிகள் அதனைக் கடுமையாக மறுத்ததும் இங்குள்ளோர் அறிந்தவையே. உரைமுறையில் அடிகள் பக்கமே நியாயம் இருக்கிறது. ஆயினும், காத்திருத்தல் ஒரு செயல், அதற்கு ஆற்றல் வேண்டும் என்பதை நச்சினார்க்கினியர் கண்டுகொண்டார்.

இதே சொல்லைக் கொண்ட இன்னொரு வழக்கும் நம்மிடம் உண்டு. அது வடக்கிருத்தல். அதுவும் இருத்தல்தான், ஆனால் உணவு ஒழித்து, உறவு ஒழித்து, சாவை எதிர்நோக்கி இருத்தல். ஒன்று வரவை நோக்கியது, மற்றது செலவை நோக்கியது. இதயம் தளர்ந்த ஒருவரை, அவர் முல்லையில் இருக்கும்போதே அவரைக் கேளாமல் வடக்கு நோக்கி உட்காரவைத்துவிடும் வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. அன்பினாலேயே அதனைச் செய்கிறோம். “நீங்க சும்மா இருங்க” என்று தொடங்குகிறது அது. கடைக்குப் போகவேண்டா, வாசல் தெளிக்கவேண்டா, கணக்குப் பார்க்கவேண்டா, கல்யாண வீட்டுக்கு வரவேண்டா என்று ஒவ்வொன்றாகக் கழிந்து, கடைசியில் கட்டிலும் சுவரும் மட்டும் எஞ்சுகின்றன. சித்தாந்தம் பேசும் சும்மா இருத்தல் வேறு. இந்தச் சும்மா வேறு.

நோயின் தன்மையைச் சிறிது அறிந்தால்தான் மேலே செல்ல இயலும். நலமுள்ள இதயம் ஒரு கைமுட்டி அளவினது. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஓர் இலட்சம் முறை துடிக்கிறது. ஓய்வாக இருக்கும்போதே நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் அளவு குருதியை வெளியேற்றுகிறது. இடப்புறக் கீழறையில் நிறையும் குருதி முழுவதும் ஒரு துடிப்பில் வெளியேறுவதில்லை. நூற்றுக்கு 55 பங்கோ சற்று மிகுதியாகவோ வெளியேறினால் அது நல்ல இதயம். இதனைத்தான் மதுரைப் பக்கத்தில் பள்ளிக்கூடம் போகாத மூதாட்டியரும் ‘பம்பிங்’ என்று சொல்கின்றனர். “எக்கோ எடுத்ததில் பம்பிங் இருபத்தைந்துதானாம்” என்று பேருந்தில் ஒருவர் சொல்ல மற்றவர் உச்சுக்கொட்டுவதை எவரும் கேட்டிருக்கலாம். நாற்பதுக்குக் கீழ் இறங்கினாலே அது தளர்ச்சி. இருபது, இருபத்தைந்து என்று இறங்கி, மருந்துகளுக்கும் கட்டுப்படாத நிலையில்தான் மாற்று இதயம் பற்றிய பேச்சு எழுகிறது.

அந்நிலையில் உள்ளவருக்கு நான்கு படி ஏறினால் மூச்சு வாங்கும். மாலையில் கணுக்கால் வீங்கும். விரலால் அழுத்தினால் குழி விழும். இரவில் தட்டையாகப் படுக்க இயலாது. இரண்டு தலையணை மூன்றாகும். நள்ளிரவில் மூச்சு முட்டி எழுந்து சன்னல் ஓரம் உட்கார்வார். குருதியைத் தள்ள இயலாத இதயத்தின் பின்னால் நீர் தேங்குகிறது. மதகு அடைபட்ட கண்மாய் போல.

காரணங்கள் பல. மாரடைப்பால் தசை பழுதாவது ஒன்று. காரணம் புலப்படாமலே இதயத்தசை மெலிந்து அறை விரிந்துபோவது மற்றொன்று. மூன்றாவதற்கும் இவ்வூர்ப் பெயருக்கும் ஒரு தொடர்பு உண்டு. திருவாதவூர் இறைவனை வழிபட்டால் வாதநோய் தீரும் என்பது பக்தர்களின் நம்பிக்கை. குழந்தைப் பருவத்தில் தொண்டைப்புண்ணைத் தொடர்ந்து வரும் வாதக் காய்ச்சல் முழங்கால், கணுக்கால் என்று மூட்டுக்கு மூட்டு தாவி வலியெடுத்து, சில வாரங்களில் மூட்டை விட்டுவிடும். ஆனால் இதயத்தின் வால்வுகளைச் சிதைத்துவிட்டுப் போகும். அது மூட்டை நக்கி இதயத்தைக் கடிக்கும் நோய் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு மருத்துவர் ஒருவர் சொன்னதை மருத்துவ மாணவர்கள் இன்றும் மனப்பாடம் செய்கின்றனர். ஏழைக் குழந்தைகளையே அது மிகுதியாகத் தேடி வந்தது. தொண்டைப்புண்ணுக்கு உரிய நேரத்தில் பென்சிலின் கிடைத்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய நோய் அது என்பதை நினைக்கும்போது மனம் கசக்கிறது.

நோயாளியை வடக்கிருக்க வைத்ததில் வீட்டாருக்கு மட்டும் பங்கில்லை. மருத்துவமும் நெடுங்காலம் அதனையே செய்தது. 1960களில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்சில் ஜார்ஜ் பர்ச் என்னும் பெயர்பெற்ற இதய மருத்துவர், விரிந்துபோன இதயம் உடையோரை மாதக்கணக்கில் படுக்கையிலேயே வைத்திருந்தார். தளர்ந்த இதயத்துக்கு ஓய்வே மருந்து என்பது அன்று எல்லோரும் ஒப்பிய கருத்து. துடிப்பைத் தணிக்கும் பீட்டா தடுப்பு மருந்தை இவர்களுக்குக் கொடுப்பது பெருந்தவறு என்றும் பாடநூல்கள் எழுதின. 1975இல் சுவீடன் நாட்டின் கோட்டன்பர்க் நகரத்து மருத்துவர்கள், அதே மருந்தைச் சிறுகச் சிறுகக் கொடுத்ததில் நோயாளிகள் தேறினர் என்று எழுதியபோது நம்பியோர் சிலரே. ஏறத்தாழ கால் நூற்றாண்டு கடந்து, 1999இல் வெளிவந்த இரண்டு பெரிய ஆய்வுகள், அம்மருந்தினால் இறப்பு மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைகிறது என்று காட்டின. நேற்றுவரை நஞ்சு என்று விலக்கியது இன்று முதல் மருந்துகளுள் ஒன்று.

நடையின் கதையும் அத்தகையதே. அமெரிக்கா, கனடா, பிரான்சு ஆகிய நாடுகளில் இதயத் தளர்ச்சி உடைய 2331 பேரைக் கொண்டு நடந்த ஆய்வின் முடிவு 2009இல் வெளிவந்தது. மருத்துவர் கண்காணிப்பில் அளவோடு நடப்பதும் மிதிவண்டிப் பயிற்சி செய்வதும் அவர்களுக்குக் கேடு செய்யவில்லை. அன்றாட வாழ்வு எளிதாயிற்று. ஆயுள் நீட்டிப்பில் கண்ட பயன் சிறிதே. அதனை மிகைப்படுத்திச் சொல்லலாகாது. ஆனால் படுத்தே கிடந்த உடலில் தொடைத் தசையும் கெண்டைக்கால் தசையும் கரைந்துபோகின்றன. அத்தசை கரைந்தவருக்கு, இதயம் சற்றுத் தேறினாலும் எழுந்து நடக்க இயலாது. ஓய்வு என்ற பெயரில் நோயோடு இன்னொரு நோயை வளர்த்துக்கொண்டிருந்தோம்.

இனி, இருத்தல் என்பதை ஒரு நாளின் செயல்களாகப் பார்க்கலாம். காலையில் எழுந்து, சிறுநீர் கழித்து, உண்பதற்கு முன் எடை பார்த்துக் குறித்துவைக்க வேண்டும். ஒரு நாளில் ஒரு கிலோ, அல்லது ஒரு வாரத்தில் இரண்டு கிலோ கூடிவிட்டால் அது சதையன்று, நீர். வீக்கம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே எடைக் கருவிக்குத் தெரிந்துவிடும். அன்றே மருத்துவரைக் கேட்டு நீர் மாத்திரையைக் கூட்டிக்கொண்டால் மருத்துவமனைக் கட்டில் பல நேரம் தப்பும். சங்கத் தலைவி பிரிந்த நாளைச் சுவரில் கோடிட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். இவர்கள் நாட்காட்டித் தாளின் ஓரத்தில் கிலோ எழுதுகின்றனர். அவள் எண்ணியதால் நாள் குறையவில்லை. இவர்கள் எழுதுவதால் ஆயுள் நீள்கிறது.

பிறகு உப்பு. ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து ஒரு தேக்கரண்டிக்கு மேற்படாமல் உண்பது சொல்வதற்கு எளிது. ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், வற்றல், கருவாடு, உப்புக்கண்டம் என்று உப்பைக் கொண்டே சுவையைக் கட்டிய மதுரைச் சீமையின் அடுக்களையில் அது ஒரு பெரும்போர். குழம்பைத் தனியே எடுத்துவைத்துவிட்டுப் பிறகு உப்பிடும் வீட்டார் சிலர். வீடு முழுவதும் உப்பைக் குறைத்துக்கொள்வோர் வேறு சிலர். பின்னதே நல்லது என்று தோன்றுகிறது. தனிக்குழம்பு தனிமையை உண்டாக்கும். தண்ணீருக்கும் பலருக்கு அளவு உண்டு. ஒன்றரை லிட்டர், இரண்டு லிட்டர் என்று மருத்துவர் வகுத்துக் கொடுப்பார். அக்கினி நட்சத்திரக் காலத்தில் மேலூர்ப் பக்கத்து வெயிலில் அந்த அளவைக் காப்பவரின் உறுதியை எந்த நோன்போடும் ஒப்பிடலாம். நாக்கு வறண்டால் வாயைக் கொப்பளித்துத் துப்புவர்; ஒரு துண்டு எலுமிச்சையைச் சப்புவர்.

இவ்வளவையும் செய்துகொண்டு, ஓர் ஆசிரியர் வகுப்பில் நாற்காலியில் அமர்ந்து பாடம் சொல்லலாம். தையற்காரர் காலால் மிதிக்கும் இயந்திரத்தை விட்டு மின் இயந்திரத்துக்கு மாறலாம். கடைக்காரர் மூட்டை தூக்காமல் கணக்கெழுதலாம். கவிஞர் கவிதை எழுதலாம். அதற்குப் பம்பிங் இருபது போதும். காலையில் தெருமுனை வரை நடந்து, பேச்சுத் தடைபடாத அளவுக்கு மட்டுமே மூச்சு வாங்கும் வேகத்தில் திரும்பி வரலாம். எதைச் செய்யலாம், எவ்வளவு செய்யலாம் என்பதை மருத்துவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே வரையறுப்பார். அந்த வரையறைக்குள் எஞ்சியிருக்கும் இடம் வீட்டார் நினைப்பதைவிட அகலமானது.

மாற்று இதயத்தின் வரலாறு சுருக்கமாகச் சொல்லத்தக்கது. 1967 டிசம்பர் 3இல் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரில் கிறிஸ்டியன் பர்னார்டு முதல் மாற்று இதயத்தைப் பொருத்தினார். பெற்றவர் 18 நாள் வாழ்ந்தார். 1968 பிப்ரவரியில் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் பி.கே. சென் செய்த முயற்சியில் நோயாளி சில மணி நேரமே உயிரோடு இருந்தார். அயல் உறுப்பை உடல் தள்ளிவிடாமல் தடுக்கும் சைக்ளோஸ்போரின் என்னும் மருந்து 1980களில் பழக்கத்துக்கு வந்தபிறகே இச்சிகிச்சை நிலைபெற்றது. இந்தியாவில் மூளைச்சாவை ஏற்கும் சட்டம் 1994 ஜூலையில் நிறைவேறியது. அவ்வாண்டு ஆகஸ்டு 3இல் தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் பி. வேணுகோபால் தலைமையில் அமைந்த குழுவினர் நாட்டின் முதல் வெற்றிகரமான இதய மாற்றைச் செய்தனர். பெற்றவர் ஒரு தொழிலாளி. அதன்பின் பல ஆண்டுகள் வாழ்ந்தார். இன்று உலகில் இதயம் பெற்றோருள் பாதிப்பேருக்கு மேல் பத்தாண்டைக் கடக்கின்றனர்.

தமிழ்நாட்டில் இப்பொருளைப் பொதுமக்களின் வாய்ச்சொல்லாக்கியது 2008 செப்டம்பர். திருக்கழுக்குன்றத்து மருத்துவ இணையர் அசோகன், புஷ்பாஞ்சலி ஆகியோரின் மகன் ஹிதேந்திரன் பதின்ம வயதில் சாலை விபத்தில் மூளைச்சாவு அடைந்தான். மகனுடைய உறுப்புகளைக் கொடுக்கப் பெற்றோர் முன்வந்தனர். சென்னை தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேர் வரை அவன் இதயம் ஏறத்தாழ 11 நிமிடத்தில் கொண்டு செல்லப்பட்டது. காவல்துறையினர் வழியெங்கும் போக்குவரத்தை ஒதுக்கிக் கொடுத்தனர். அங்கே கே.எம். செரியன் தலைமையில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்திக்கு அது பொருத்தப்பட்டது. அவ்வாண்டு அக்டோபரில் மாநில அரசின் உறுப்பு மாற்றுத் திட்டம் தொடங்கியது. 2014இல் அது தனி ஆணையமாயிற்று. உறுப்பு ஈந்தோரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடத்தப்படும் என்று 2023 செப்டம்பர் 23இல் முதலமைச்சர் அறிவித்தார். நடுகல் எடுத்த மரபினருக்கு இது புதிதன்று.

இங்கே ஒரு முள் இருக்கிறது; அதனைத் தொடாமல் செல்வது நேர்மையாகாது. மாற்று இதயத்துக்குக் காத்திருப்பவர் எதற்காகக் காத்திருக்கிறார்? சிறுநீரகத்தை உயிரோடு இருப்பவர் கொடுக்கலாம். கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுக்கலாம். இதயத்தை அப்படிக் கொடுக்க இயலாது. எங்கோ ஒரு வீட்டில் இழவு விழுந்தால்தான் இங்கே தொலைபேசி மணி ஒலிக்கும். காத்திருப்போர் இதனை நன்கு அறிவர். கோயிலில் கைகூப்பி நின்று என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் திகைத்து நிற்பவரின் நிலை, நம் அற நூல்கள் பேசாத ஒரு நிலை.

முல்லைப்பாட்டு இதற்கு ஓர் ஒளி தருகிறது. பத்துப்பாட்டில் மிகச் சிறியது அது. 103 அடிகளே உடையது. காத்திருக்கும் தலைவியை மட்டும் காட்டிவிட்டு நப்பூதனார் நிற்கவில்லை. பாசறைக்குள் சென்று, உறக்கம் கொள்ளாத அரசனையும் காட்டுகிறார். அவன் நினைவில் நிற்பவை புண்பட்ட யானைகள், உணவு கொள்ளாமல் வருந்தும் குதிரைகள், தனக்காக விழுந்துபட்ட வீரர்கள். தலைவி எதிர்நோக்கும் தேர், அந்தப் புண்களையும் சாவுகளையும் கடந்துதான் வந்து சேரவேண்டும். அச்சாவுகளை அவள் விரும்பவில்லை. அவள் காத்திருந்ததால் அவை நேரவுமில்லை. ஆயினும் அவற்றை ஒதுக்கிவிட்டு அவளுடைய மகிழ்ச்சியை மட்டும் பாடப் புலவர் ஒப்பவில்லை. காத்திருக்கும் நோயாளிக்கும் மருத்துவக் குழுவினர் இதனையே சொல்கின்றனர்: அந்த விபத்து உங்களுக்காக நேரவில்லை, நீங்கள் காத்திராவிட்டாலும் அது நேர்ந்திருக்கும், அதன்பின் அந்த வீட்டார் எடுத்த முடிவு மட்டுமே உங்களை வந்தடைகிறது. இச்சொல் அறிவுக்கு உடனே எட்டும். நெஞ்சுக்கு எட்ட நாளாகும்.

நெஞ்சு என்றதும் கவிஞர்களுக்கே உரிய ஒரு வினாவும் எழும். நெஞ்சொடு கிளத்தல் என்று ஒரு துறையே வகுத்த மொழியில், நெஞ்சையே மாற்றிக்கொண்டவர் எந்த நெஞ்சோடு பேசுவார்? உடலியல் தரும் விடை விந்தையானது. இதயத்தை எடுக்கும்போது அதற்கு வரும் நரம்புகள் அறுபடுகின்றன. புதிய உடலில் குருதிக்குழாய்களை இணைக்கின்றனர், நரம்புகளை இணைப்பதில்லை. ஆதலால் மாற்று இதயம் தன்பாட்டுக்கு நிமிடத்துக்கு 90, 100 என்று துடித்துக்கொண்டிருக்கிறது. திடுக்கிட்டால் உடனே படபடப்பதில்லை. குருதியில் கலந்து வரும் சுரப்புநீர் எட்டிய பிறகுதான் விரைகிறது. அமைதியடையவும் நேரம் கொள்கிறது. நற்செய்தி கேட்டவர் முகத்தில் முதலில் மகிழ்ச்சி தோன்றுகிறது. இதயத்துக்கு அது பிறகுதான் தெரிகிறது. ஈந்தவரின் நினைவுகளைப் பெற்றவர் அடைகிறார் என்னும் கதைகள் திரைப்படத்துக்கு ஆகும். அவற்றுக்குச் சான்று இல்லை. காதலும் அச்சமும் இதயத்தில் இல்லை என்றால் நம் அகப்பாடல்கள் பொய்யா என்று வருந்த வேண்டியதில்லை. நம் முன்னோர் பேசியது நெஞ்சோடு. ஆட்டுக்கறிக் கடையில் கிடைக்கும் நெஞ்சாங்குலையோடு அன்று. அவ்விரண்டையும் அவர்கள் குழப்பிக்கொண்டதாகத் தெரியவில்லை.

மாற்று இதயம் வரும்வரை தாங்குவதற்கு ஒரு பொறியும் உண்டு. இடப்புறக் கீழறைக்குத் துணையாக நெஞ்சுக்குள் பொருத்தப்படும் சிறு இறைவைப் பொறி அது. கம்பி ஒன்று வயிற்றின் வழியே வெளிவந்து இடுப்பில் உள்ள மின்கலத்தோடு இணையும். அமெரிக்காவின் முன்னாள் துணைக் குடியரசுத் தலைவர் டிக் செனி 2010 ஜூலையில் இதனைப் பொருத்திக்கொண்டார். 2012 மார்ச்சில் தம் 71ஆம் வயதில் மாற்று இதயம் பெற்றார். இடைப்பட்ட ஏறத்தாழ இருபது மாதத்தில் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதி முடித்து 2011இல் வெளியிட்டார். அவருடைய அரசியலை ஒப்பாதோர் உலகில் ஏராளம். இப்பொருளில் அது குறுக்கே வரவேண்டியதில்லை. இப்பொறி குருதியை விட்டுவிட்டுத் தள்ளாமல் இடையறாது ஓடவைக்கிறது. ஆதலால் இதனை அணிந்தோர் பலருக்குக் கையில் நாடி கிடைப்பதில்லை. நாடி பார்த்து உயிர் உண்டு, இல்லை என்று சொன்ன சித்த மருத்துவ மரபினர், நாடியே இல்லாத ஒருவர் நாற்காலியில் அமர்ந்து நூல் எழுதுவதைக் கண்டால் என்ன சொல்லியிருப்பார்களோ! நம் நாட்டில் இதன் விலை பல பத்து இலட்சம். மேலூர் வட்டத்துக் குடியானவருக்கு அது கதையில் கேட்கும் பொருள். மாற்று அறுவைக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின் உதவி உண்டு என்பதும், சென்னை அரசுப் பொது மருத்துவமனையிலேயே இதய மாற்று நடைபெற்றுள்ளது என்பதும் ஆறுதலான செய்திகள்.

காத்திருப்போர் பட்டியல் நியாயவிலைக் கடை வரிசை போன்றதன்று. முன்னால் பதிந்தவர் என்பது மட்டும் போதாது. குருதிப் பிரிவு பொருந்த வேண்டும். உடல் அளவு பொருந்த வேண்டும். நோயின் கடுமை பார்க்கப்படும். எடுத்த இதயம் ஏறத்தாழ நான்கு மணி நேரத்துக்குள் மீண்டும் துடிக்கவேண்டும் என்பதால் தொலைவும் கணக்கில் வரும். வாதவூர்க்காரர் சென்னையில் பெயர் பதிந்தால், அழைத்த சில மணி நேரத்தில் போய்ச்சேரும் இடத்தில் தங்கியாகவேண்டும். வாடகை வீடு, துணைக்கு ஒருவர், அவருடைய வேலை, பிள்ளைகளின் பள்ளி என்று ஒரு குடும்பமே இடம்பெயர்கிறது. இந்தியா முழுவதிலும் ஆண்டுக்குச் சில நூறு இதய மாற்றுகளே நடைபெறுகின்றன. தேவைப்படுவோர் அதனினும் பன்மடங்கு. பெயர் பதிந்தவர் எல்லோருக்கும் இதயம் வருவதில்லை. வராமலே இறந்தோர் பலர்.

இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. உடல் மிகத் தளர்ந்துவிட்டால், சிறுநீரகமும் நுரையீரலும் பழுதுற்றுவிட்டால், பட்டியலிலிருந்தே பெயர் எடுக்கப்பட்டுவிடும். அறுவையைத் தாங்க இயலாதவருக்குக் கிடைத்தற்கரிய இதயத்தைக் கொடுக்கமாட்டார்கள். தெருமுனை வரை நடப்பதும், உப்பைக் குறைப்பதும், தொற்று வராமல் பல் துலக்குவதும்கூட, அழைப்பு வரும் நாளில் அதற்குத் தகுதியோடு இருப்பதற்காகவே. கட்டிலில் சும்மா கிடத்தப்பட்டவர் அத்தகுதியையும் இழக்கிறார். வடக்கிருக்க வைப்பது வெறும் மனத்துயரோடு முடிவதில்லை என்பதற்காகவே இதனை அழுத்திச் சொல்லவேண்டியுள்ளது.

குறுந்தொகையில் ஒரு காட்சி உண்டு. பருவம் தவறி மழை பெய்துவிட, அதனைக் கார்காலம் என்று நம்பிக் கொன்றை பூத்துவிடுகிறது. அவன் சொன்ன பருவம் வந்துவிட்டது, அவன் வரவில்லை என்று தலைவி கலங்குகிறாள். இது கார்காலமன்று, இந்தக் கொன்றைதான் அறிவிலி என்கிறாள் தோழி. காத்திருப்போர் வாழ்விலும் இத்தகைய மழை பெய்கிறது. நள்ளிரவில் தொலைபேசி ஒலிக்கும். உடனே வாருங்கள், எதுவும் உண்ணவேண்டா என்பார்கள். மருத்துவமனையில் குருதி எடுத்து, மார்பை மழித்து, அறுவைக்கூடத்தின் வாயில்வரை கொண்டு சென்று கிடத்துவார்கள். அங்கே ஈந்தவரின் இதயத்தைத் திறந்து பார்த்த மருத்துவர், அது பழுதுற்றிருக்கிறது, பொருந்தாது என்று சொல்லிவிடுவார். ஒரு முறையன்று, இரு முறை, மும்முறை இவ்வாறு நேர்ந்து திரும்பியோர் உண்டு. அழைத்துவந்த உறவினர் அழுவர். வண்டி பிடித்து விடியும் நேரத்தில் வீடு வந்து சேர்வர். தோழி சொன்னது போன்ற ஒரு சொல்லை யாராவது சொல்ல முயல்வர். பெரும்பாலும் சொல் கிடைக்காது.

பொழுது விடிந்ததும் அவர் எழுந்து, சிறுநீர் கழித்துவிட்டு, உண்பதற்கு முன் எடைக் கருவியின்மீது ஏறி நிற்கிறார். நாட்காட்டித் தாளின் ஓரத்தில் அன்றைய கிலோவை எழுதுகிறார்.